ஐந்து மணி ரோல்ஸை விட்டுக் கரப்பந்துக்குப் போவது எப்படி?

வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது மணி ஐந்து. சந்திக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், கடலை வடை. இரண்டைச் சாப்பிட்டு, சீனி கூடின பால் தேத்தண்ணியும் குடிப்பேன். இரவு ஒன்பது மணிக்கு வயிறு முட்டப் புட்டு. பத்து வருடம் இப்படித்தான் போனது. உடம்பு மெலியச் சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்று தொடங்கிய ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாளே விட்டுவிட்டேன். கடைசியில் சாப்பாட்டைத் தொடாமல், அந்த ஐந்து மணியை மட்டும் மாற்றினேன். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.

1. நேரத்தைப் பிடியுங்கள்

யாழ்ப்பாணத்தில் வெயில் தணிவதும் ஐந்து மணிக்குத்தான், வடை பொரிவதும் ஐந்து மணிக்குத்தான். கிழமையில் மூன்று நாள் அந்த நேரத்தை மைதானத்துக்குக் கொடுங்கள். பெரியவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 50 நிமிடம் விளையாடினால் கணக்குச் சரி. கரப்பந்து 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. நம் ஊர்களில் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் வலை கட்டிய வெளியைத் தேடி அலையத் தேவையில்லை.

பெண்களுக்குப் பின்னேர மைதானம் இலகுவில் கிடைப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே கவலை. நாலு பேர் சேர்ந்தால் வீட்டு முற்றத்தில் கயிறு கட்டியே பட்மின்டன் தொடங்கலாம்.

நீரிழிவு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

2. மூன்றரை மணிக்குச் சின்னதாகச் சாப்பிடுங்கள்

ஒரு கதலி வாழைப்பழம் அல்லது ஒரு கை அவித்த கடலை போதும். எண்ணெயில் பொரித்தது வயிற்றை விட்டு இறங்க நேரமெடுக்கும். ரோல்ஸோடு குனிந்து பந்தெடுத்தால் நெஞ்செரிவு வரும். எனக்கு அந்தப் பழக்கத்தை விடவைத்தது அந்த எரிவுதான். வெறும் தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடிப்பவர்கள் ஒரு சின்னத் துண்டோடு நிறுத்துங்கள். அதுவும் இனிப்புத்தான்.

3. இரண்டு கிழமைக்குத் துள்ள வேண்டாம்

உடம்பு பாரமாக இருக்கும்போது துள்ளி அடித்தால் முழங்கால்தான் முதலில் நோகும். முதலில் மைதானத்தை ஐந்து நிமிடம் சுற்றி நடவுங்கள். பிறகு சுவரில் பந்தை எறிந்து, திரும்பி வருவதை இரண்டு கைகளாலும் எடுங்கள். முழங்கால் மடிந்திருக்க வேண்டும். பெருவிரல்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், முழங்கை நிமிர்ந்து, பந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே படவேண்டும். கையை வீசாதீர்கள், காலால் எழும்புங்கள். நான் நின்ற இடத்திலேயே கையை நீட்டியபோது எங்கள் மைதானத்து அண்ணை சொன்னார்: "தம்பி, பந்து உம்மட்ட வராது. நீர்தான் பந்துக்குக் கீழ போகோணும்." அன்றுதான் ஓடத் தொடங்கினேன்.

4. ஆட்டம் முடிந்த அரை மணி நேரம்

பலர் விழுவது இந்த இடத்தில்தான். வியர்வையோடு எல்லோரும் கடைக்குப் போவார்கள். சோடாவும் கொத்துரொட்டியும் வரும். விளையாடியதால் சாப்பிடலாம் என்று மனம் சொல்லும். சோடாப் போத்தலில் உள்ள வண்ணக் குறியைப் பாருங்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் குடித்தால் 44 கிராமுக்கு மேல், அதாவது பதினொரு தேக்கரண்டிக்குக் குறையாது. ஓடிக் குறைத்தது அதிலேயே திரும்பி வந்துவிடும். சேர்ந்து இருப்பதை விட்டுவிடாதீர்கள், குடிப்பதை மட்டும் மாற்றுங்கள். நான் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியை இரண்டு போத்தலில் கொண்டுபோனேன். ஒன்று எனக்கு, மற்றது கேட்பவருக்கு. இரண்டாம் மாதம் இன்னொருவர் மோர் கொண்டுவந்தார்.

5. இப்போதுதான் இரவுச் சாப்பாடு

ஏழரைக்குள் சாப்பிடுங்கள். கோப்பையில் பாதியை முருங்கையிலை வறைக்கும் மரக்கறிக்கும் விட்டுவிட்டு, மிச்சத்தில் குரக்கன் புட்டையும் மீனையும் வையுங்கள். விளையாடிய பசியில் முதற்பிடி எதுவோ அதுதான் கூட இறங்கும். அதனால் வறையில் தொடங்குங்கள்.

தராசு வேண்டாம். இன்றைக்கே ஒரு நூலால் இடுப்பை அளந்து முடிச்சுப் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை அதே நூலால் அளவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானத்தில் தண்ணி நிற்கும். அந்த நாட்களில் விறாந்தையில் கயிறடியுங்கள், ஐந்து மணி கடைக்குத் திரும்பிப் போகாமல் இருக்கும்.