வீடு வாங்கியதற்கான வரிச்சலுகை இன்னும் வரவில்லையா? கனடாவில் அதைத் தேடிப்பிடிக்கும் வழி

முதல் வீடு வாங்கியவர்கள் வருமான வரிப்படிவத்தில் 31270ஆம் இலக்கத்தில் 10,000 டொலர் என்று நிரப்புகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு 10,000 டொலருக்குக் காசோலை வரும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு காசோலை கிடையாது. அந்த 10,000 சலுகையைக் கணக்கிடும் அடித்தொகை மட்டுமே. ஆகக் குறைந்த கூட்டாட்சி வரிவீதத்தால் அதைப் பெருக்கினால் வருவதுதான் உங்களுக்கு மிச்சம். 2022 முதல் 2024 வரை வாங்கிய வீடுகளுக்கு 15 வீதம், அதாவது 1,500 டொலர். 2025இல் 14.5 வீதம் என்பதால் 1,450. 2026இல் 14 வீதம், 1,400.

இந்தத் தொகை தனியாகவும் வராது. கட்டவேண்டிய வரியிலிருந்து கழிக்கப்பட்டு, ரீஃபண்ட் இருந்தால் அதற்குள் கலந்தே வரும். நீங்கள் கட்டவேண்டிய வரியே இல்லையென்றால் ஒரு சதமும் கிடைக்காது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே முதலில் படிவத்தில் 42000ஆம் இலக்கத்தை, அதாவது நிகரக் கூட்டாட்சி வரியைப் பாருங்கள். இந்தச் சலுகையைச் சேர்க்காமலே அது பூச்சியம் என்றால் எதுவும் தாமதமாகவில்லை, வருவதற்கே ஒன்றுமில்லை. வீட்டில் ஒருவருக்குத்தான் நல்ல வருமானம் என்றால் முழுத்தொகையையும் அவர் படிவத்தில் போடுவதுதான் சரி. கணவன் மனைவிக்கிடையில் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், ஆனால் இருவருக்கும் சேர்த்து 10,000தான். ஆளுக்கு 10,000 போட்டுவிட்டு ஒருவருடையது ஏன் நிற்கிறது என்று கேட்பதில் பயனில்லை.

பணம் எந்த இடத்தில் நிற்கிறது?

தொலைபேசியைத் தூக்குவதற்கு முன் சிஆர்ஏயின் (கனடா வருமான வரித்துறையின்) மை அக்கவுண்ட் என்ற இணையக் கணக்கைத் திறந்து படிவத்தின் நிலையைப் பாருங்கள். கணக்கு இல்லாதவர்கள் பதியும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். பாதுகாப்புக் குறியீட்டைத் தபாலில் கேட்டால், சிஆர்ஏயிடம் பதிவாகியிருக்கும் முகவரிக்குத்தான் அது போகும். புது வீட்டுக்கு மாறியவருக்கு அது பழைய வீட்டுக் கதவடியில் கிடக்கும். கடவுச்சீட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ கைத்தொலைபேசியில் படம்பிடித்து உறுதிசெய்யும் வழியைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை.

நிலை "பெறப்பட்டது" என்றோ "பரிசீலனையில்" என்றோ இருந்தால் மதிப்பீடே இன்னும் முடியவில்லை. இணையவழி அனுப்பிய படிவத்துக்கு சிஆர்ஏ வைத்திருக்கும் இலக்கு இரண்டு வாரம், தபாலில் அனுப்பியதற்கு எட்டு வாரம். அந்தக் காலம் தாண்டும்வரை கேட்டாலும் "காத்திருங்கள்" என்றுதான் பதில் வரும். படிவமே பதிவில் இல்லையென்றால் கணக்காளரிடம் அனுப்பியதற்கான உறுதிப்படுத்தல் எண்ணைக் கேளுங்கள். தயாரித்து, கையொப்பம் வாங்கி, அனுப்பாமலே விட்ட படிவங்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. எண்ணைச் சொல்ல முடியாதவர் அனுப்பவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாதது, பொறுமையிழந்து இன்னொரு படிவம் அனுப்புவது. இரண்டாவது படிவம் முதலாவதோடு மோதி, ஓர் ஆள் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கவேண்டிய வேலையாகிவிடும். 31270ஐ நிரப்ப மறந்திருந்தாலும் மதிப்பீட்டு அறிவித்தல் வரும்வரை பொறுத்திருந்து, பிறகு திருத்துங்கள்.

மதிப்பீடு முடிந்தது, தொகை குறைவு

மதிப்பீட்டு அறிவித்தலின் சுருக்கத்தில் 31270 தனியாகத் தெரியாமல் போகலாம். 35000ஆம் இலக்கத்தை, அதாவது கூட்டாட்சி வரிச்சலுகைகளின் மொத்தத்தை, உங்கள் பிரதியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சரியாக 1,500 (அல்லது அந்த ஆண்டுக்குரிய தொகை) குறைந்திருந்தால் வீட்டுச் சலுகையை எடுத்துவிட்டார்கள். காரணம் அதே அறிவித்தலின் "விளக்கம்" பகுதியில் இருக்கும்.

35000 சரியாக இருந்தும் பணம் குறைந்தால் பழைய கடனுக்குப் பிடித்திருக்கிறார்கள். முந்தைய ஆண்டு வரிப்பாக்கி, மாணவர் கடன், கூடுதலாகப் பெற்ற வேலையிழப்புக் காப்புறுதி, குடிவரவுக் கடன், பிள்ளைப் பராமரிப்புக்கான நீதிமன்ற உத்தரவு எல்லாவற்றுக்கும் ரீஃபண்டிலிருந்து கழிக்கலாம். பலர் நினைத்தே பார்க்காத ஒன்று எச்எஸ்டி என்ற விற்பனை வரி. டாக்ஸியோ ஊபரோ ஓட்டுபவர்கள் முதல் டொலரிலிருந்தே எச்எஸ்டி கணக்கு வைத்திருக்கவேண்டும். அந்தக் கணக்குக்குரிய படிவம் ஓர் ஆண்டு நிலுவையில் இருந்தாலும் வருமான வரி ரீஃபண்டை நிறுத்திவைக்கலாம். அந்த எச்எஸ்டி படிவத்தை, பூச்சியம் என்றாலும், போட்டால்தான் அது விடுபடும்.

அனுப்பிவிட்டார்கள், கைக்கு வரவில்லை

வீடு மாறியவர்களுக்கே உரிய சிக்கல் இது. நெட்ஃபைல் வழியாக (நீங்களே இணையத்தில்) அனுப்பும் படிவத்தில் புது முகவரி போட்டால் சிஆர்ஏயின் பதிவு மாறாது. மை அக்கவுண்டில் தனியாக மாற்றவேண்டும், அதுவும் படிவம் அனுப்புவதற்கு முன்பே. இல்லையென்றால் காசோலை பழைய முகவரிக்குப் போகும். ஆவணம் கேட்டு வரும் கடிதமும் அங்கேயே போகும். இரண்டாவதுதான் பெரிய இழப்பு, ஏனென்றால் அந்தக் கடிதத்துக்குத் தவணை ஓடத் தொடங்கிவிடும்.

நேரடி வைப்பு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி. மோட்கேஜுக்காக வங்கி மாறியவுடன் பழைய கணக்கை மூடிவிடுகிறார்கள். மூடிய கணக்குக்குப் போன பணம் சிஆர்ஏக்குத் திரும்பி, மறுபடி வெளிவர வாரங்கள் ஆகும். புதுக் கணக்கு விபரத்தைப் பதிந்து, முதல் வைப்பு அதில் விழுந்த பிறகு பழையதை மூடுங்கள். தொலைந்த காசோலைக்கு சிஆர்ஏயை அழைத்து, அது காசாக மாற்றப்பட்டதா என்று தேடிப்பார்த்துப் புதிது அனுப்பக் கேட்கலாம்.

படிவம் போட்ட அன்றே ஒரு வரி நிறுவனத்திடம் கையோடு காசு வாங்கியிருந்தால் ரீஃபண்ட் அந்த நிறுவனத்துக்குத்தான் போகும். அதை உங்கள் கணக்கில் தேடவேண்டாம்.

ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால்

31270க்கு முன்கூட்டியே எதையும் இணைத்து அனுப்பவேண்டியதில்லை. கேட்டால் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். மதிப்பீட்டுக்கு முன் கேட்டால் ரீஃபண்ட் நிற்கும். பணம் கொடுத்துவிட்டுச் சில மாதம் கழித்துக் கேட்பதும் உண்டு. அப்போது பதில் போடாவிட்டால் கொடுத்ததைத் திரும்பக் கேட்பார்கள். வழக்கமாக 30 நாள் தவணை. போதாது என்றால் தவணை முடியுமுன் அழைத்துக் கேளுங்கள்.

அனுப்பவேண்டியவை: வாங்கல் விற்றல் ஒப்பந்தம், சட்டத்தரணி தந்த கணக்குச் சீராக்கல் பத்திரம், நிலப் பதிவகத்தில் பதிந்த உறுதிப்பத்திரம், நீங்கள் அங்கே குடியிருப்பதற்கான சான்று (புது முகவரியுள்ள ஓட்டுநர் உரிமம், மின்கட்டணப் பட்டியல், வீட்டுக் காப்புறுதி). நடுவிலுள்ள இரண்டும் வீடு வாங்கி முடிந்தபின் சட்டத்தரணி அனுப்பும் ஆவணக் கட்டில் இருக்கும். அந்தக் கட்டு வர வாரக்கணக்காகலாம் என்பதால் பிடிஎஃப் பிரதியை முன்பே கேட்டு வாங்கிவையுங்கள். மை அக்கவுண்டில் கடிதத்திலுள்ள குறிப்பு எண்ணைப் போட்டு ஏற்றுங்கள். எல்லாப் பக்கமும் இருக்கவேண்டும். கையொப்பப் பக்கத்தை மட்டும் படம்பிடித்து அனுப்பினால் இன்னொரு கடிதம் வரும்.

நம்மவர்களின் கோப்புகள் சிக்குவது பெரும்பாலும் பெயரில். உறுதியில் தந்தை பெயரோடு முழுப்பெயர், சிஆர்ஏயில் தலையெழுத்து மட்டும். அல்லது திருமணத்துக்குப் பின் மாறிய பெயர். அல்லது முதற்பெயரும் குடும்பப்பெயரும் இடம்மாறியிருக்கும். பார்ப்பவர்களுக்கு அது ஒரே ஆள் என்று தெரியாது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று அரைப்பக்கம் எழுதி, கடவுச்சீட்டையோ திருமணச் சான்றிதழையோ சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள்.

உண்மையாகவே தகுதியில்லாமல் மறுக்கப்படும் இடங்களும் உண்டு. மோட்கேஜ் கட்டுவது மகன், உறுதியில் தந்தை பெயர் மட்டும் என்றால் மகனுக்குச் சலுகை இல்லை. உங்கள் பெயரிலோ துணையின் பெயரிலோ பதிந்திருக்கவேண்டும். அடுத்தது ஐந்தாண்டு விதி: வாங்கிய ஆண்டிலும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டிலும், உங்களுக்கோ துணைக்கோ சொந்தமான வேறொரு வீட்டில் நீங்கள் வசித்திருக்கக்கூடாது. அந்த வீடு கனடாவுக்கு வெளியே இருந்தாலும் கணக்குத்தான். 2023இல் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ சொந்த வீட்டில் இருந்துவிட்டு வந்தவர் 2025இல் வாங்கிய வீட்டுக்குக் கேட்க முடியாது. ஆனால் விதி பார்ப்பது வசித்ததை. சொந்தமாக ஒரு வீட்டை வைத்து வாடகைக்கு விட்டு, அதில் ஒருநாளும் வசிக்காதவர் கேட்கலாம். துணையின் பழைய கொண்டோவில் நீங்கள் வசிக்கவே இல்லையென்றால் உங்கள் பெயரில் கேட்கலாம், துணையின் பெயரில் முடியாது. இயலாமைச் சலுகைக்குத் தகுதியுள்ளவருக்கு இந்த முதல்வீட்டு விதி பொருந்தாது. ஆனால் அந்தத் தகுதி இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை என்றால் முதலில் அதை முடிக்கவேண்டும்.

புதிதாகக் கட்டிய கொண்டோ வாங்கியவர்கள் ஆண்டைத் தவறவிடுகிறார்கள். ஒன்ராறியோவில் திறப்புக் கிடைத்து, இடைக்கால வாடகைபோல் கட்டணம் கட்டிக் குடியிருக்கும் காலத்தில் வீடு இன்னும் கட்டுநர் பெயரில்தான் இருக்கும். 2024 நவம்பரில் குடியேறி, 2025 மார்ச்சில் உறுதி பதிந்திருந்தால் 2025 படிவத்தில்தான் கேட்கவேண்டும். 2024இல் கேட்டு ஆவணம் அனுப்பினால் திகதி பொருந்தாமல் மறுப்பு வரும்.

கேட்க மறந்தவர்கள்

மை அக்கவுண்டில் "படிவத்தை மாற்று" என்பதில் 31270ஐச் சேர்க்கலாம். கணக்காளர் என்றால் ரீஃபைல் என்ற இணையவழித் திருத்த முறை. பத்து ஆண்டு வரை பின்னோக்கித் திருத்தலாம். 2022க்கு முன் வாங்கிய வீட்டுக்கு அடித்தொகை 5,000 மட்டுமே, அதாவது 750 டொலர். டி1-ஏடிஜே என்ற திருத்தக் கோரிக்கைத் தாளைத் தபாலில் போடுவதும் முடியும், ஆனால் அதற்கு மாதக்கணக்காகும். இணையத்தில் முடிந்தால் தாளைத் தொடாதீர்கள்.

அசையாவிட்டால்

1-800-959-8281க்கு அழையுங்கள். சமூகக் காப்புறுதி எண்ணும் கடைசி மதிப்பீட்டு அறிவித்தலும் கையில் இருக்கட்டும். பேசியவரின் அடையாள எண்ணையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். "எப்போது வரும்" என்பதை விட "கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது, என்னிடமிருந்து ஏதாவது வேண்டுமா" என்று கேட்பது பயன் தரும். முதல் ஆளால் முடியாவிட்டால் மேல்நிலை அலுவலரிடம் மாற்றச் சொல்லலாம்.

அடுத்தது ஆர்சி193 என்ற சேவை முறைப்பாட்டுப் படிவம். அதற்கும் பலனில்லையென்றால் வரிசெலுத்துவோர் குறைகேள் அதிகாரி அலுவலகம். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் ஒப்புதல் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அவர்களும் விசாரிப்பார்கள்; இலவசம், பலருக்கு இதுவே வேகமான வழி.

ஆட்சேபனை இதிலிருந்து வேறு. அது தாமதத்துக்கு அல்ல, மறுப்புக்கு. சலுகை எடுக்கப்பட்டு, நீங்கள் தகுதியுள்ளவர் என்றால் அறிவித்தல் திகதியிலிருந்து 90 நாளுக்குள், அல்லது அந்த ஆண்டுப் படிவத்தின் கடைசித் திகதியிலிருந்து ஓராண்டுக்குள், இரண்டில் பிந்தியதற்குள் ஆட்சேபனை போடவேண்டும். ஆவணம் அனுப்பிவிட்டேன் என்று இந்தத் தவணையை நழுவவிடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

தாமதத்துக்கு வட்டி உண்டு. மே 31, படிவம் போட்டதிலிருந்து 31ஆம் நாள், கூடுதலாக வரி கட்டியதற்கு மறுநாள் மூன்றில் எது பிந்தியதோ அன்றிலிருந்து நாளாந்தக் கூட்டுவட்டி சேரும். அது அடுத்த படிவத்தில் காட்டவேண்டிய வருமானம். "வீட்டு ரீஃபண்ட் காத்திருக்கிறது, இணைப்பை அழுத்துங்கள்" என்று வரும் குறுஞ்செய்திகள் மோசடி. சிஆர்ஏ குறுஞ்செய்தியிலோ இ-டிரான்ஸ்ஃபரிலோ பணம் அனுப்புவதில்லை.

நிலமாற்ற வரி மீளளிப்பை இதோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஒன்ராறியோவில் அது 4,000 டொலர் வரை. ரொறன்ரோ நகரத்தின் பங்கு தனியாக 4,475 வரை. சிஆர்ஏக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொதுவாகச் சட்டத்தரணி உறுதி பதியும்போதே கழித்துவிடுவார், ஆகவே சீராக்கல் பத்திரத்தில் பாருங்கள். கழிக்காமல் முழு வரியும் கட்டியிருந்தால் மாகாணப் பங்கை ஒன்ராறியோ நிதி அமைச்சிடம் 18 மாதத்துக்குள் கேட்கவேண்டும். அங்கே விதியும் கடுமை: உலகில் எங்கேனும் எப்போதாவது வீடு சொந்தமாக இருந்திருந்தாலே தகுதியில்லை, அதில் வசித்தீர்களா என்று கேட்கமாட்டார்கள். கியூபெக்கில் உள்ளவர்கள் மாகாணச் சலுகைக்கு டிபி-752.எச்ஏ படிவத்தை மாகாண வரித்துறைக்குத் தனியாக அனுப்பவேண்டும். அதன் நிலை மை அக்கவுண்டில் தெரியாது.