பூதத்தின் பருமன் நேரத்தில் இருக்கிறது: நெல்லைப் பின்னணியில் ஓர் அனிமேஷன் சண்டைக் காட்சி அமைக்கும் முறை

அனிமேஷன் படத்தில் வானளாவிய பூதத்தை வரைவது எளிது. அது ஓரடி எடுத்து வைக்கும்போது அதன் எடையைப் பார்ப்பவர் உணரும்படி செய்வதே கடினம். நான் முதன்முதலில் உருவாக்கிய காட்சியில், திருநெல்வேலி சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்தை மிதிக்க வரும் பூதத்தை, பறக்கும் ஆற்றல் கொண்ட ஒரு சிறுமி தடுப்பதாக அமைத்திருந்தேன். பூதம் கடைத்தெருவுக்குப் போகும் மனிதரின் வேகத்தில் நடந்ததால், அது பெரிதாகத் தெரியவில்லை. பாலம்தான் அட்டைப் பொம்மையாகச் சுருங்கிப்போனது. அதே காட்சியை மறுபடி செய்தபோது கற்றுக்கொண்டவற்றை இங்கே விளக்குகிறேன். கிரிட்டா, பிளெண்டர் என்னும் அனிமேஷன் மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. எதில் செய்தாலும் இந்த முறை பொருந்தும்.

முதலில் பூதத்தின் உயரத்தை எண்ணால் முடிவு செய்யுங்கள். 1.6 மீட்டர் மனிதரைப் போல் 25 மடங்கு என்றால் 40 மீட்டர், அதாவது 20 மீட்டர் பனை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம். புளியமரக் கிளையில் நீளக் கயிற்றில் கட்டிய ஊஞ்சல், வீட்டுக்குள் தொங்கும் தொட்டிலைவிட மெதுவாக ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். வீசி நடக்கும் காலும் அப்படித்தான். நீளம் 25 மடங்கானால் நேரம் அதன் வர்க்கமூலமான 5 மடங்காகும். மனிதர் அரை நொடியில் வைக்கும் அடியைப் பூதம் இரண்டரை நொடியில் வைக்க வேண்டும். நொடிக்கு 24 பிரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் சட்டகங்கள்) என்ற கணக்கில் அது 60 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வைத்தால் 30 படங்கள் வரைய வேண்டியிருக்கும். ஓங்கிய கை தன் எடையாலேயே 20 மீட்டர் கீழே விழுவதற்கு 2 நொடி ஆகும். முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர்தான் இறங்கும், மீதி 15 மீட்டரும் இரண்டாம் நொடியில் பாய்ந்து முடியும். 1954-இல் வெளியான ஜப்பானிய காட்ஜில்லா படத்தில் உடைக்குள் இருந்து நடித்தவர்கள் சாதாரண உயரமுள்ள மனிதர்களே. வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டியதால்தான் அவர்களுடைய நடைக்கு அவ்வளவு கனம் வந்தது.

மெதுவாக நகர்த்தினால் மட்டும் போதாது, ஏனெனில் சோம்பலும் மெதுவாகத்தான் நகர்கிறது. எடை எப்படி நகரும் என்பதற்கு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. தேர் நிலையை விட்டுப் புறப்படும் நொடியைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பாருங்கள். முதலில் வடம் விறைக்கிறது. அத்தனை பேர் இழுத்தும் ஒரு கணம் ஒன்றும் நிகழ்வதில்லை. பிறகு சக்கரம் முனகியபடி உருளத் தொடங்க, தேரின் உச்சியும், தொங்கும் துணி அலங்காரங்களான தொம்பைகளும் சற்றுப் பிந்தி அசைகின்றன. முட்டுக்கட்டை போட்டுச் சக்கரம் நின்ற பின்னும் தொம்பைகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. இதே வரிசையைப் பூதத்துக்குக் கொடுங்கள்: பாதம் பதிந்து நின்றபின் வயிறு இறங்க வேண்டும், அதன்பின் தோள், கடைசியாகக் கைகளும் வாலும் ஆடி அடங்க வேண்டும். எல்லாம் ஒரே பிரேமில் நின்றால் பூதம் வெறும் காகிதமாகிவிடும்.

கால்கள் மனிதக் கால்களாக இருக்கக் கூடாது. உயரம் 25 மடங்கானால் எடை 15,625 மடங்காகும், எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ 625 மடங்குதான் கூடும் என்ற கணக்கின் அடிப்படையை 1638-லேயே கலிலியோ எழுதிவிட்டார். யானைக் காலைப் பார்த்து வரையுங்கள்.

கேமராவைத் தெருவில் நிற்பவரின் கண் உயரத்தில் வையுங்கள். பூதத்தை முழுதாகக் காட்ட அவசரப்படாதீர்கள். மேம்பாலத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், அதற்குப் பின்னால் ஒரே ஒரு பாதம் என்பது நல்ல தொடக்கம். பாபநாசம் செல்லும் வழியில் பச்சைக் காடு மூடிய பொதிகை மலை தொலைவால் நீலமாகத் தெரிவதுபோல, தூரத்தில் நிற்கும் பூதத்தின் நிறமும் வெளிறி நீலம் பாய்ந்திருக்க வேண்டும். சண்டை திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுக்கு நகர்ந்தால், செம்மண் புழுதி பாதம் இறங்கிய பின்பும் நெடுநேரம் காற்றில் நிற்கட்டும். புழுதித் துணுக்குகளைப் பெரிதாக வரைந்தால் பூதம் உடனே சிறிதாகிவிடும்.

சிறுமிக்கு இதற்கு நேர்மாறான விதி. அவளுக்கு ஒவ்வொரு பிரேமுக்கும் புதுப் படம் வரையுங்கள். பூதம் ஓரடி வைப்பதற்குள் அவள் அதை மூன்று முறை சுற்றி வரலாம். ஆனால் விழும் கையை அவள் தாங்கும்போது அதே அளவு விசை அவள்மீதும் திரும்பும் என்பதால், பாலத்தில் கால் ஊன்றியிருந்தால் தளம் விரிசல் விட வேண்டும், அந்தரத்தில் இருந்தால் அவள் பின்னால் தள்ளப்பட வேண்டும். அந்தக் கையை அவளால் நிறுத்த முடியக் கூடாது, திசைதிருப்ப மட்டுமே முடிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாவற்றையும் வெல்லும் ஆற்றலைக் கொடுத்துவிட்டால் சண்டைக்கே வேலை இல்லை.

ஒலியைக் கடைசியில் சேருங்கள். கொடை விழாவில் தூரத்து வேட்டின் வெளிச்சம் முன்னும் ஓசை பின்னும் வருவதை அறிவோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 680 மீட்டருக்கு அப்பால் பூதம் மிதித்த ஓசை 2 நொடி கழித்தே கேட்க வேண்டும். இடையிலுள்ள அந்த 48 பிரேம்களில், பாலத்தடியில் அண்ணாந்து நிற்கும் ஒருவரின் முகத்தை மட்டும் காட்டுங்கள். வேறெதையும் அங்கே வரையத் தேவையில்லை.