பிடித்த கதையைத் தொடர்ந்து எழுத ஆசையா? மாட்டிக்கொள்ளாமல் எழுதும் வழி

கதை முடிந்துவிட்டது, உங்கள் மனதில் மட்டும் அது முடியவில்லை. அந்த வில்லன் ஏன் அப்படி ஆனான், கடைசியில் பிரிந்துபோன ரெண்டு பேரும் பத்து வருடம் கழித்துப் பார்த்துக்கொண்டால் என்ன பேசுவார்கள் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தாராளமாக எழுதுங்கள். ஆனால் வெளியிடுவதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் இந்த விஷயத்தில் வம்பு வருவது பெரும்பாலும் கதையால் இல்லை, காசால்.

முதலில், அந்தக் கதையுலகத்தின் உரிமை இன்னும் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்பு என்றால் யாரையும் கேட்க வேண்டாம், எழுதி விற்கவும் செய்யலாம். பல நாடுகளில் எழுத்தாளர் இறந்து 70 வருடம் என்பது கணக்கு. அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 வருடம். பல வருடம் வந்துகொண்டே இருந்த கதை வரிசை என்றால் இங்கேதான் சிக்கல். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் முன்பே பதிப்புரிமை முடிந்து பொதுவுக்கு வந்துவிட்டன, 1923 முதல் 1927 வரை வந்த கடைசிக் கதைகள் மட்டும் மெதுவாக ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 2020-இல், ஹோம்ஸின் தங்கையை நாயகியாக வைத்து எடுத்த படத்தின்மேல், ஹோம்ஸை உருவாக்கிய எழுத்தாளர் கோனன் டாயிலின் வாரிசுகளுடைய நிறுவனம் வழக்குப் போட்டது. வாதம் என்ன தெரியுமா? ஹோம்ஸ் அடுத்தவரிடம் அன்பும் இரக்கமும் காட்ட ஆரம்பித்ததே அந்தக் கடைசிக் கதைகளில்தான், ஆகவே இரக்கமுள்ள ஹோம்ஸ் இன்னும் எங்கள் சொத்து! அந்த வருடமே வழக்கை முடித்துக்கொண்டார்கள், 2023 ஜனவரி 1-ஆம் தேதி மிச்சக் கதைகளும் அங்கே பொதுவில் வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், ஹோம்ஸை மேடையேற்றிய நடிகர் ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமா என்று கேட்டபோது, கல்யாணம் செய், கொலை செய், உன் இஷ்டம் என்கிற தோரணையில் பதில் அனுப்பியவர் டாயில்.

உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், படைப்பாளி இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடுங்கள். ரத்தக்காட்டேரி நாவல்களை எழுதிய ஆன் ரைஸ் 2000-த்தில், ரசிகர் கதைகளை, அதாவது அடுத்தவர் கதையுலகத்தை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளை, அனுமதிப்பதில்லை என்று பட்டென்று அறிவித்தார். ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங் தரப்பு, காசு வாங்காத வரைக்கும் சரி என்றது. ஆனால் அதே உலகத்தைப் பற்றிய அகராதி ஒன்றை ரசிகர் ஒருவர் அச்சிட்டு விற்கப் போனதும் வழக்குப் போட்டு 2008-இல் தடை வாங்கியது. நிறுவனங்கள் கையில் இருக்கும் உலகம் என்றால் எழுதிவைத்த விதிமுறையே இருக்கலாம். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ரசிகர் குழு ஒன்று பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிப் படம் எடுக்கக் கிளம்ப, 2015 டிசம்பரில் வழக்கு வந்தது. அடுத்த வருடம் வெளியான விதிமுறைப்படி ஒரு ரசிகர் படம் 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, ரெண்டு பாகமாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் பணம் 50,000 டாலருக்குள், நடிப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் எல்லை எங்கே என்றாவது தெரிகிறதே.

விதிமுறை எதுவும் இல்லை என்றால் கடிதம் போட்டுக் கேட்காதீர்கள். கேட்டால் பதில் பெரும்பாலும் வக்கீலிடமிருந்து வரும், வக்கீல் 'சரி' என்று சொல்வது அபூர்வம். அதைவிட முக்கியம், எழுதிய கதையைப் படைப்பாளிக்கு அனுப்பவே கூடாது. நாளைக்கு அவருடைய அடுத்த நூலில் அதே திருப்பம் வந்தால் 'என் கதையைத் திருடிவிட்டார்' என்று யாராவது கிளம்புவார்கள் என்ற பயத்திலேயே பலர் ரசிகர் கதைகளைத் தொடுவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், கதை வெளிவந்த பிறகு பேட்டியில் 'அந்தப் பாத்திரம் உண்மையில் இப்படித்தான்' என்று அவர் சொல்வதற்கெல்லாம் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. நூலில் இல்லாதது வாசகர் கையில்தான் இருக்கிறது.

இப்போது எழுத்து. மூலக்கதையில் விட்டுப்போன இடத்தைப் பிடியுங்கள். 'காவலாளி கதவைத் திறந்துவிட்டான்' என்று ஒரே வரி வருகிறது என்று வையுங்கள். யாரையும் உள்ளே விடாதே என்பது அவனுக்கு உத்தரவு. அப்புறம் ஏன் திறந்தான்? தெரிந்த முகமா, காசு வாங்கினானா, தூக்கக் கலக்கமா? மறுநாள் காலையில் மாளிகையே அல்லோலகல்லோலப்படும்போது அவனிடம் என்ன கேட்டார்கள்? நாயகன் அந்த வழியாகத் தப்பித்து ஓடிவிட்டான், மாட்டியது இவன். இதில் மூலத்திலிருந்து நீங்கள் எடுத்தது ஒரு கதவும் ஒரு இரவும்தான், மற்றதெல்லாம் உங்கள் சரக்கு. மூலத்தின் வாக்கியங்களை அப்படியே தூக்கி ஒட்டாதீர்கள், படத்தின் போஸ்டரை அட்டையாகப் போடாதீர்கள்.

மூலத்தைக் கேள்வி கேட்கிற கதைக்குச் சட்டமும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. 'கான் வித் த விண்ட்' என்ற பழைய அமெரிக்க நாவலின் கதையை அடிமைப் பெண் ஒருத்தியின் பார்வையில் திருப்பி எழுதிய நாவலுக்கு விழுந்த தடையை 2001-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. வெறுமனே 'அப்புறம் என்ன ஆச்சு' என்று இழுத்துக்கொண்டு போவதற்கு இவ்வளவு பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

காசு விஷயத்தில் கறாராக இருங்கள். ரசிகர் கதைகளுக்கான பெரிய தளமான ஏஓ3-யில் நன்கொடை இணைப்பு போடக்கூட அனுமதி இல்லை. 'பாத்திரங்கள் எனக்குச் சொந்தமில்லை' என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பது வெறும் நம்பிக்கை, சட்டத்தில் அது கேடயம் ஆகாது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் உலகத்துக்குத் தொடர்ச்சி எழுதி விற்ற ஒருவர், என் கதையைத் திருடிவிட்டீர்கள் என்று டோல்கீன் வாரிசுகள் மேலேயே வழக்குப் போட்டார். 2023-இல் அவர் கையிலிருந்த பிரதிகளை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது! விற்றே ஆக வேண்டும் என்றால் பெயர், ஊர், மந்திரம், சின்னம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் படித்துப் பாருங்கள், கதை சொந்தக் காலில் நின்றால் அது உங்களுடையது. 'ஃபிஃப்டி ஷேட்ஸ்' ரசிகர் கதையாகத் தொடங்கி இப்படித்தான் தனி நாவலாகியது.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் நீக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள், ஆத்திரத்தில் ஊரைக் கூட்டவும் வேண்டாம். பிரதி ஒன்றை உங்கள் கணினியில் எடுத்துவைத்துவிட்டு, நோட்டீஸில் எந்தப் பகுதியைச் சொல்கிறார்கள் என்று படியுங்கள். அமெரிக்கத் தளம் என்றால், தவறாக நீக்கிவிட்டார்கள் என்று தளத்துக்கு எதிர் நோட்டீஸ் கொடுக்க வழி உண்டு. எதிர்த்தரப்பு வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் கதை திரும்ப ஏறிவிடும். ஆனால் அதில் உண்மையான பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும், அந்நாட்டு நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். புனைபெயரில் எழுதுபவர்கள் அதை அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.