நேற்று சாப்பிட்டதைக் கிராமில் எழுதுவது எப்படி?

ஒருவர் முந்தைய நாள் முழுவதும் சாப்பிட்டதைக் கேட்டு எழுதும் 24 மணி நேர உணவுக் கணக்கெடுப்புக்கு ஒவ்வொரு கிராமையும் காட்டும் தராசும் மில்லிலிட்டர் குவளையும் போதும். ஆனால் வீட்டில் சமைத்தவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும்; எண்ணெய் எவ்வளவு விட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"காலையில இட்லியாம்மா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "எழுந்ததும் முதல்ல என்ன சாப்பிட்டீங்க?" என்று தொடங்கி, படுக்கும் வரை தடுக்காமல் சொல்லவிடுங்கள். அடுத்த சுற்றில் விட்டுப்போனவற்றைக் கேளுங்கள்: டீயில் போட்ட சர்க்கரை, வயலில் பறித்துத் தின்ற கொய்யா, பிள்ளை மிச்சம் வைத்த சோறு. இந்த மிச்சச் சோற்றைப் பல தாய்மார் சாப்பாடாகவே நினைப்பதில்லை. அவசியம் கேளுங்கள்.

"ரெண்டு கரண்டி" வீட்டுக்கு வீடு மாறும். சாம்பாருக்கு அவர்கள் கரண்டியிலேயே தண்ணீர் மொண்டு அளக்கலாம். சோறு குவிந்து நிற்கும், அதனால் நேற்று போட்டுக்கொண்ட அளவைத் தட்டில் போடச் சொல்லி எடை பாருங்கள்.

பெரிய தவறு நடப்பது கணக்கில்தான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணை பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கானது. 400 கிராம் அரிசி 1,200 கிராம் சோறானால், 300 கிராம் சோறு என்பது 100 கிராம் அரிசி: சுமார் 350 கலோரி. சோற்று எடையை அப்படியே அரிசியாகப் பதிந்தால் 1,050 ஆகிவிடும்!

சில நாள் விட்டு இன்னொரு நாளும் எடுங்கள். அமாவாசை விரதமும் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறும் ஒருவரின் அன்றாடச் சாப்பாடு ஆகாது.