பொது இடங்களைக் கவனிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டிடக்கலையும் நகரமைப்பும் படிக்கிற பிள்ளைகள் நாகர்கோவிலுக்கும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களுக்கும் கள ஆய்வுக்கு வருகிறார்கள். ஒரு பொது இடத்தைக் காலை முதல் இரவு வரை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். படிவத்தை மறப்பது, கூட்டலில் பிசகுவது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அவை தானாகவே சரியாகிவிடும்.

நமக்கு வசதியான நேரத்தில் போவது

பத்தரை மணிக்கு வந்து இறங்கி, நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கடற்கரை மணல் வெயிலில் வெறிச்சென்று கிடக்கும். உடனே வரைபடத்தில் ‘பயன்பாடு இல்லாத இடம்’ என்று குறித்துவிடுவார்கள். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கிற இடமும் நண்பகலில் காலியாகத்தான் இருக்கிறது. அதை யாரும் அப்படி எழுதுவதில்லை. மீனவர் மணலுக்கு மட்டும் ஏன் இந்தப் பெயர்?

மேற்குக் கரையில் ஒரு ஊரில் இப்படிப்பட்ட பகல்நேரக் குறிப்பை நம்பி, மணல்வெளியில் சிமெண்ட் நடைபாதையும் இருக்கைகளும் போட்டார்கள். அது கரமடி இழுக்கிற இடம். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் கரையோடு நகர்ந்து ஒன்றாகச் சேரும். அதற்கு நீளமான, தடையில்லாத மணல் வேண்டும். மீன் கரையேறியதும் அங்கேயே ஏலம். பெண்கள் பாத்திரத்தோடு காத்திருப்பார்கள். அப்புறம் வலை காயும், சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடுவார்கள்.

இருக்கைகள் வந்த பிறகு கயிறு இழுக்க வழியில்லாமல் போனது. மீன் விற்கிற ஒரு அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “காலம்பற வந்து பாத்திருக்கணும் மக்கா.” அந்த இருக்கைகள் பகலில் சுடுகின்றன, யாரும் உட்காருவதில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

விடியுமுன் ஐந்து மணிக்கே இடத்தில் இருங்கள். தோவாளைப் பூச்சந்தைக்கு வெயில் ஏறிய பிறகு போனால் எதைப் பார்ப்பீர்கள்? காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை, மணிக்கு ஒருமுறையாவது அதே இடத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். முழுநாளும் ஒருவரால் முடியாதென்றால் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

கடந்து போகிறவர்களை மட்டும் எண்ணுவது

நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பில் நின்றால் பெரிய எண்ணிக்கை கிடைக்கும். ஆனால் அது போக்குவரத்துக் கணக்கு. வடசேரி பஸ் நிலையத்தில் யார் நிற்கிறார்கள், எதில் சாய்கிறார்கள், ஒரு சாயாவோடு எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதைத் தனியாக எழுதுங்கள்.

நிழலைப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்வது

நாம் இருப்பது ஏறத்தாழ 8 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், சுவரின் நிழல் தெற்கே விழும். நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழுகிற டெல்லிக்கு வரைந்த படத்தைப் பார்த்து, சுவரின் வடபுறத்தில் இருக்கை போட்டால், மே மாத உச்சிவெயில் உட்காருபவர் முகத்தில்தான் அடிக்கும்.

ட்ரோன் படத்தில் தலை எண்ணுவது

வேண்டாம். மரத்தடியில் இருப்பவர்கள் அதில் தெரிய மாட்டார்கள்.

ஒரு நாளைப் பார்த்து ஆண்டை எழுதுவது

ஆவணி ஞாயிற்றுக்கிழமையில் நாகராஜா கோவில் சுற்றுப்புறம் வேறு, சாதாரண செவ்வாய்க்கிழமையில் வேறு. கார்த்திகை, மார்கழியில் கன்னியாகுமரி முழுக்க ஐயப்ப பக்தர்கள். மழையும் இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவத்திலும் வரும், அந்த நாட்களில் கடைத் திண்ணைதான் பொது இடம். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள். அன்று மட்டும் பார்த்துவிட்டு, இங்கே தொழில் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.