கொரோனா காலத்தில் பணம் போன வழிகள்: இனியாவது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரலில் என் பெரியப்பாவுக்கு ஒரு போன் வந்தது. "சார், வீட்டுக் கடன் தவணையை மூணு மாசம் தள்ளி வைக்கிறோம். உங்களுக்கு வேணும்னா உறுதிப்படுத்தணும். ஒரு நம்பர் வரும், சொல்லுங்க." வந்தது, சொன்னார். 38,000 ரூபாய் போயிற்று. அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். தினமும் இரவு வரவு செலவு எழுதிவிட்டுத்தான் படுப்பார்.

அவர் ஏன் நம்பினார்? அந்தச் செய்தி உண்மை. ஊரடங்கு தொடங்கிய மூன்றாம் நாள், மார்ச் 27 அன்று, கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்திருந்தது. மே மாதம் அதையே ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்த செய்தியைப் பற்றித்தான் போனிலும் ஒருவர் பேசினார். பெரியப்பாவுக்குச் சந்தேகம் வர இடமே இல்லை.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. செய்தி உண்மையென்றால் அதைச் சொல்கிறவரும் உண்மையானவர் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த இரண்டு வருடங்களில் நடந்த மோசடிகளை வரிசையாக யோசித்துப் பாருங்கள். பிரதமரின் 'பிஎம் கேர்ஸ்' நிவாரண நிதிக்கு யுபிஐ முகவரி வெளியானது. உடனே அதில் கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விட்ட போலி முகவரி வந்தது. 2021 ஜனவரியில் தடுப்பூசி தொடங்கியது. "பதிவு செய்கிறோம், ஆதார் எண்ணும் ஓடிபியும் சொல்லுங்கள்" என்று அழைப்புகள் வந்தன. அந்த வாரம் எதைப் பற்றி ஊரே பேசியதோ, அதைப் பற்றித்தான் மோசடிக்காரனும் பேசினான்.

கேஒய்சி, அதாவது வங்கியில் நம் அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கும் விஷயம் இன்னும் வேதனை. "இன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும்" என்று செய்தி அனுப்பிப் பயமுறுத்தினார்கள். 2021 மே 5 அன்று ரிசர்வ் வங்கி சொன்னது இதற்கு நேர் எதிரானது: கேஒய்சி புதுப்பிக்கவில்லை என்பதற்காக டிசம்பர் 31 வரை கணக்குகளை முடக்க வேண்டாம். அது பலருக்குத் தெரியாமலே போனது. மாலைக்குள், ஒரு மணி நேரத்துக்குள் என்று யாராவது அவசரப்படுத்தினால் போனை வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் தேடி எடுத்த எண் வேண்டாம். கிளைகளுக்குப் போக முடியாத அந்த மாதங்களில் எல்லோரும் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில்தான் தேடினோம். அதற்காகவே போலி எண்களைப் போட்டுக் காத்திருந்தார்கள்.

ஓடிபி மட்டும்தான் ரகசியம் என்று நினைப்பது

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதே" என்பது ஓரளவு எல்லோருக்கும் பதிந்துவிட்டது. அதனால் அவர்களும் அதைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். "ஒரு ஆப் இறக்குங்க சார், நாங்களே சரி பண்ணித் தரோம்" என்பார்கள். அது நம் போன் திரையை அவர்கள் கண்ணுக்குக் காட்டும் ஆப். அப்புறம் ஓடிபியை நாம் வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை, வருவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எனிடெஸ்க் ஆப் வழியாக இப்படி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது. அந்த ஆப்கள் மோசமானவை அல்ல. அலுவலகங்களில் தினமும் பயன்படுபவைதான். யாரென்று தெரியாதவர் சொல்லி இறக்குவதில்தான் ஆபத்து.

யுபிஐ பற்றி ஒன்றே ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டியதில்லை, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. ரகசிய எண் கேட்கிறது என்றால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப் போகிறது, அல்லது நாமே இருப்பு பார்க்கிறோம். பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்துவிட்டு, "பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்" என்ற பேச்சைக் கேட்டு இழந்தவர்கள் ஏராளம்.

ஓடிபி செய்தியை முழுதாகப் படிக்காததும் ஒரு தவறு. பெரியப்பாவின் போனைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். இது எந்தக் கடைக்கு, எத்தனை ரூபாய்க்கு என்று அந்தச் செய்தியிலேயே இருந்தது. "நேரம் முடியப் போகுது சார்" என்ற அவசரத்தில் அவர் கண்ணில் பட்டது ஆறு இலக்கம் மட்டும்.

தவணை அவகாசம் பற்றி இன்னொன்று, மோசடி இல்லாமலே பலர் ஏமாந்தது. அதைத் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார்கள். தவணை கட்டாத மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. கையில் பணம் இருந்தவர்கள் கட்டியிருந்தால் நல்லது. அடுத்த முறை இப்படி ஒரு சலுகை வரும்போது, வட்டி நிற்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

கார்டையும் பின்னையும் சேர்த்துக் கொடுப்பது

தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளில், வயதானவர்கள் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஏடிஎம் கார்டையும் பின்னையும் கொடுத்துப் பணம் எடுத்து வரச் சொன்னார்கள். பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கார்டோடு சுற்றிக் கொடுத்தால், வழியில் அது தொலைந்தாலே போதும். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே வங்கிகளிடம் சொல்லியிருக்கிறது, கிளையில் கேளுங்கள். ஊரடங்கின்போது தபால்காரர்கள் வாசலிலேயே கைரேகை வைத்துப் பணம் கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அப்படி வாங்கும்போது எவ்வளவு எடுக்கப்பட்டது என்ற செய்தியையோ ரசீதையோ பார்க்காமல் இரண்டாவது முறை விரல் வைக்காதீர்கள்.

ஆக்சிஜனுக்கு முன்பணம்

இதைத் தவறு என்று எழுதவே எனக்கு மனம் வரவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா நோயாளிகளுக்குப் போடும் ரெம்டெசிவிர் மருந்து வாங்கச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரியெல்லாம் ஜனங்கள் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றி, பிறகு மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்க முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு எண் வந்து, "சிலிண்டர் இருக்கு, பாதிப் பணம் முதலில் அனுப்புங்க" என்றால் யார்தான் அனுப்ப மாட்டார்கள்? அனுப்பியவர்களை யாரும் குறை சொல்லாதீர்கள்.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. உதவுகிறோம் என்று நினைத்து, கூப்பிட்டுக்கூடப் பார்க்காமல் அந்த எண்ணைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பினோம். முடிந்தால் முதலில் நாம் அழைத்துப் பார்க்க வேண்டும், பொருளை வாங்கியவரிடம் கேட்க வேண்டும். யுபிஐயில் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். கடை பெயர் சொல்லிவிட்டு, அங்கே சம்பந்தமே இல்லாத ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஏழு நாள் கடன் ஆப்கள்

வேலை போனவர்களைச் சுற்றி வளைத்தவை இவை. 5,000 ரூபாய் கடன் என்பார்கள், கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மூவாயிரத்துச் சொச்சம் கொடுப்பார்கள். ஏழாம் நாள் முழுத் தொகையும் வேண்டும். ஆப்பை இறக்கும்போது போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டிருக்கும், நாமும் 'சரி' தட்டியிருப்போம். அப்புறம் அலுவலக மேலாளருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போன் போகும். அந்த அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது. 2022 செப்டம்பரில் வந்த விதிகள், கடன் ஆப்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்கின்றன. கடன் தருவது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று ஆப்பில் தெளிவாக இல்லாவிட்டால் தொடாதீர்கள். ஏற்கனவே மாட்டியிருந்தால் ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்காமல் காவல்துறைக்குப் போங்கள். மிரட்டுவது குற்றம். நீங்கள் கடன் வாங்கியது குற்றமல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு

பெரியப்பா நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியராக இருந்தவன் இப்படி ஏமாந்தேனே என்ற வெட்கம். ஐந்தாம் நாள் பெரியம்மா பாஸ்புக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டியிருந்தது. திரும்பி வரவில்லை.

திருடிய பணம் ஒரே இடத்தில் நிற்காது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து ஏடிஎம்முக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அதை மட்டும்தான் வங்கியால் முடக்க முடியும். அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசுதான். 2021ல் இதற்கென்றே 155260 என்ற உதவி எண் வந்தது. இப்போது அது 1930. கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், யார் கூப்பிட்டார்கள் என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் எழுத்தில் பதிவு செய்யுங்கள். பயத்தில் குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவைதான் ஆதாரம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, உங்கள் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் வேறொருவர் வழியாகப் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பில்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் செய்யும் வரை போனது உங்கள் பொறுப்பு. புகார் செய்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதாவது தவறு நம்முடையதாகவே இருந்தாலும் உடனே சொல்வதில் பலன் உண்டு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.