பழைய பப் கட்டடத்தின் கதையைத் தேடி எடுப்பது எப்படி

இங்கிலாந்தில் நகர நடுவே இருந்த ஒரு பழைய பப், இன்று காபிக் கடையாகவே மாறியிருந்தாலும் அதன் கதையைத் தேடி எடுக்க முடியும். முதலில் எதிர்ப்பக்கம் நின்று மாடியைப் பாருங்கள். கீழ்த்தளத்தை எத்தனை முறை மாற்றிக் கட்டினாலும் மேலே அதிகம் கைவைப்பதில்லை, பீர் ஆலையின் பெயர் பொறித்த கல்லோ பலகை தொங்கிய இரும்புக் கம்பியோ அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் உள்ளூர் ஆவணக் காப்பகம். 1552 முதல் உரிமம் கட்டாயம் என்பதால், நடத்தியவர்களின் பெயர்கள் உரிமப் பதிவுகளில் கிடைக்கலாம். 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள், வேலைக்காரப் பெண் உட்பட, இருப்பார்கள். 1931 கணக்கெடுப்பு தீயில் அழிந்துவிட்டது, அதைத் தேடி அலையாதீர்கள். தெரு எண்ணும் பப்பின் பெயரும் மாறியிருக்கக்கூடும், அதனால் பக்கத்துக் கட்டடங்களையும் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, இதே இடம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் மனிதர்களிடம் போங்கள் என்பேன். காகிதம் காத்திருக்கும், எண்பது வயதுக்காரரின் நினைவு காத்திருக்காது. "ஞாபகம் இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் பெரிதாக எதுவும் வராது. சரி, ஒரு பழைய படத்தைக் கையில் கொடுங்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கும், பியானோ எங்கே இருந்தது, பெண்கள் எந்த அறையில் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். அவர் சம்மதத்தோடு குரலைப் பதிவு செய்து, பெயரையும் தேதியையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.